ஆற்று மீன் கேள்வி பதில்: முகத்துவாரத்துக் கொடுவா முதல் ஏரி விரால் வரை

தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு, சுண்ணாம்பாறு, பாகூர்ப் பக்கத்து ஏரிகள் என்று தூண்டிலோடு அலைகிறவர்களும், வந்த மீனை அடுப்பில் ஏற்றுகிறவர்களும் கேட்டவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணே, ஊட்டிப் பக்கம் டிரவுட் பிடித்து வெண்ணெயில் வறுக்கிறார்களே. அந்த மீன் நம்ம ஆற்றில் கிடைக்குமா? (நெல்லிக்குப்பம்)

கிடைக்காது தம்பி. டிரவுட்டுக்கு 20 டிகிரிக்குள் இருக்கிற, ஓடுகிற, பிராணவாயு நிறைந்த தண்ணீர் வேண்டும். நம் ஆற்றுத் தண்ணீர் மார்கழியில்கூட அவ்வளவு குளிராது. நீலகிரியிலும் அது பிறந்த மீன் இல்லை, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. அவலாஞ்சியில் 1907-இல் குஞ்சுப் பண்ணை அமைத்த பிறகுதான் அங்கே நிலைத்தது. அந்தச் சமையல் முறைதான் வேண்டுமென்றால் கிழங்கான் வாங்குங்கள். மெல்லிய தோல், வெள்ளைச் சதை, நடுமுள் ஒன்றாக உருவி வந்துவிடும். உப்பு, மிளகு தடவி, மைதாவில் லேசாகப் புரட்டி, வெண்ணெயோடு ஒரு ஸ்பூன் எண்ணெய் கலந்து (வெண்ணெய் மட்டும் என்றால் கருகும்) பக்கத்துக்கு மூன்று நிமிடம். இறக்கிய பிறகு எலுமிச்சை.

பாலத்தடியில் கொடுவா இருக்கிறது, கண்ணால் பார்க்கிறோம். இரையை மட்டும் தொட மாட்டேன் என்கிறது. என்ன தப்பு செய்கிறோம்? (கடலூர் முதுநகர், அரியாங்குப்பம்)

பெரும்பாலும் நேரமும் இடமும்தான். கொடுவா துரத்தி வேட்டையாடுகிற மீன் இல்லை, பதுங்கி நின்று கவ்வுகிற மீன். தண்ணீர் தூணில் மோதிப் பிரிந்து போகும்போது, தூணின் மறுபக்கத்தில் இழுப்பு இல்லாத ஒரு பொட்டு இருக்கும். அங்கேதான் நிற்கும். இரையை நேராக அதன் தலைமேல் போட்டால் மிரண்டு விலகும். நீரோட்டத்துக்கு மேலே நாலைந்து மீட்டர் தள்ளிப் போட்டு, தூணை ஒட்டி மிதந்து வர விடுங்கள்.

ஓதம் (கடல் நீரின் ஏற்ற இறக்கம்) ஏறும் கடைசி இரண்டு மணி நேரம், வற்றத் தொடங்கும் முதல் இரண்டு மணி நேரம், அதுவும் பொழுது சாயும்போதோ விடியும்போதோ அமைந்தால் நல்லது. தண்ணீர் அசையாமல் நிற்கிற நேரத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பயனில்லை.

இரை உயிரோடு இருக்க வேண்டும். விரல் நீள மடவைக் குஞ்சு அல்லது உயிர் இறால். இறாலை வாலில் குத்தினால் சுருண்டு சுழலும், கொடுவா தொடாது. தலைக்கொம்புக்கு அடியில் குத்துங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தலைக்குள் ஒரு கறுப்புப் பொட்டு தெரியும். தூண்டில் முள் அதற்கு முன்னால் ஏற வேண்டும், பொட்டைத் தொட்டால் இறால் அப்போதே செத்துவிடும். சரியாகக் குத்தியது அரை மணி நேரம் துள்ளும்.

கொடுவா கடித்தது, இழுத்தோம், கரைக்கு வரும்போது 0.35 மில்லிமீட்டர் தூண்டில் நரம்பு (நைலான் இழை) அறுந்துவிட்டது. இப்படியே மூன்று மீன் போச்சு. (தேவனாம்பட்டினம்)

பல்லால் அறுக்கவில்லை. அதன் செவுள் மூடியின் ஓரம் பிளேடு போல. தலையை உதறும்போது நரம்பு அதில் உரசி அறுகிறது. உங்கள் 0.35 மில்லிமீட்டர் நரம்பு சரிதான், ஆனால் முள்ளுக்கு மேலே முக்கால் மீட்டருக்கு 0.60 நரம்பு முடிந்துகொள்ளுங்கள். தூண்டில் முள் 2/0 அளவு போதும். மீன் துள்ளி வெளியே வரும்போது தூண்டில் கோலைத் தாழ்த்துங்கள், உயர்த்தினால் தலையை உதற இடம் கொடுத்ததாகும். கரைக்கு வந்ததும் செவுளில் விரல் விட்டுத் தூக்கவே கூடாது. கீழ்த்தாடையைத் துணியோடு பிடியுங்கள்.

இன்னொன்று. கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, மூன்று நான்கு வயதுக்கு மேல்தான் பெண்ணாக மாறும். ஆகவே பெரிய மீனெல்லாம் சினை மீன்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோவுக்குக் கீழே இருப்பதையும், தூக்க முடியாத பெரியதையும் விட்டுவிடுவது என் பழக்கம். இரண்டு கிலோ மீன்தான் சட்டிக்கும் ஏற்றது. பெரியது சதை நார் நாராக வரும்.

ஓதம் எப்போது ஏறும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? (வில்லியனூர்)

நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை ஆறு மணிக்கு ஏற்றம் உச்சம் என்றால் நாளை ஏழுக்குப் பத்து நிமிடம் முன்னால். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு அதிகம், அட்டமி நவமியில் மந்தம். கடலூர்த் துறைமுகத்துக்குப் போட்டிருக்கும் நேரம் முகத்துவாரத்துக்குத்தான் பொருந்தும், உள்ளே போகப் போகத் தாமதமாகும். உங்கள் இடத்தில் தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டுக் கால் மணிக்கு ஒரு முறை பாருங்கள், எவ்வளவு தாமதம் என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். கோடையில் மணல் திட்டு ஏறி முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு எதுவும் ஓடாது.

மடவை கூட்டம் கூட்டமாகப் போகிறது. மண்புழு, இறால் எதையும் தொடவில்லை. (நோணாங்குப்பம்)

அது பாசியும் சேற்று மேல்படிவும் மேய்கிற மீன். வாய் சின்னது, உறிஞ்சித்தான் தின்னும். மைதாவில் குழைந்த சோற்றைப் பிசைந்து பட்டாணி அளவு உருண்டை, 10 அல்லது 12 எண் சிறு முள், கோழி இறகுத் தண்டு போல லேசான தக்கை. முதலில் ஊறிய ரொட்டியைக் கொஞ்சம் கரைத்துவிட்டுக் கூட்டத்தை நிறுத்துங்கள். தக்கை முங்கும் வரை காத்திருக்காதீர்கள். பக்கவாட்டில் நகர்ந்தாலே இழுத்துவிட வேண்டும்.

ஏரி விராலுக்குத் தவளை போடலாமா? (பாகூர்)

உயிர்த் தவளை வேண்டாம். ரப்பர் தவளை போதும், புல்லில் சிக்காதது இன்னும் வசதி. அல்லி இலைக்கும் கோரைக்கும் நடுவே இருக்கும் திறந்த இடத்தில் போட்டு, இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம் என்று கொண்டுவாருங்கள். கவ்வியதும் இழுத்தால் தவளை மட்டும் திரும்பி வரும். மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டு இழுங்கள்.

மழைக்காலத்தில் தண்ணீர் மேலே சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் புரள்வதைப் பார்த்தால் அங்கே போடாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். கோபத்தில் கவ்வும், பிடிப்பது சுலபம். பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் ஜிலேபி மீனுக்கும் கொக்குக்கும் தீனி. ஊசுட்டேரி சரணாலயம், அங்கே தூண்டிலே எடுக்கக் கூடாது. மற்ற ஏரிகளில் மீன் குத்தகை யாரிடம் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

தடைக்காலத்தில் ஆற்றில் தூண்டில் போடலாமா சார்? (பரங்கிப்பேட்டை)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடை கடலுக்குப் போகிற விசைப்படகுகளுக்கு. கரையில் நின்று தூண்டில் போடுவதை அது கட்டுப்படுத்தாது. பிச்சாவரம் காப்புக்காடு, அங்கே வனத்துறை அனுமதி தனி.

கெளுத்தி முள் குத்திவிட்டது, கை விண் விண் என்று தெறிக்கிறது. மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறோம். (பண்ருட்டி)

கட்டை அவிழுங்கள். கை பொறுக்கிற சூட்டில், சுமார் 45 டிகிரி, வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வையுங்கள். அந்த விஷம் புரதம், சூட்டில் சிதையும். வலித்த கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதனால் மற்றக் கையால் சூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். முள் துண்டு உள்ளே நின்றிருந்தாலோ, வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள், டெட்டனஸ் ஊசியும் கேளுங்கள். தேளி மீனுக்கும் இதே வைத்தியம். அடுத்த முறை முதுகு முள்ளையும் இரண்டு பக்க முள்ளையும் குறடால் நறுக்கிவிட்டுப் பிறகு கழற்றுங்கள்.

தூண்டிலில் பேத்தை (வயிறு ஊதிக்கொள்ளும் மீன்) வந்தது. தோலை உரித்துவிட்டுச் சமைக்கலாம் என்கிறார் ஒருவர். (கடலூர் சிங்காரத்தோப்பு)

கூடாது. தோல், ஈரல், சினை எல்லாவற்றிலும் நஞ்சு உண்டு, கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் போகாது. மாற்று மருந்தும் இல்லை. பூனைக்கும் போடாதீர்கள்.

ஏரி மீனில் சேற்று வாடை. எத்தனை முறை கழுவினாலும் போகவில்லை. (திருக்கனூர்)

கழுவிப் போகிற வாடை இல்லை அம்மா. தண்ணீரில் நீலப்பச்சைப் பாசி மண்டினால் ஜியோஸ்மின் என்ற பொருள் உண்டாகும், அது மீனின் கொழுப்பிலும் தோலிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். முதலில் தோலை உரித்துவிடுங்கள். வயிற்றுப் பக்கத்துக் கொழுப்பையும், நடுவில் பக்கவாட்டாக ஓடும் கருஞ்சதையையும் நறுக்கி எறியுங்கள். பிறகு எலுமிச்சைச் சாறோ கெட்டிப் புளிக்கரைசலோ தடவி இருபது நிமிடம். புளிப்பு அந்த வாடையை உடைக்கும், மஞ்சள் மறைக்கத்தான் செய்யும். உயிரோடு கிடைத்த விரால் என்றால் மூடி போட்ட தொட்டியில் நல்ல தண்ணீரில் மூன்று நாள், இரை போடாமல், தினம் தண்ணீர் மாற்றி வைத்தால் பெருமளவு குறைந்துவிடும். மூடியில் கல் வையுங்கள், விரால் தாண்டிவிடும்.

உப்பனாற்றில் சிப்காட் ஓரமாகப் பிடித்த மீனைச் சாப்பிடலாமா? (குடிகாடு)

நான் சாப்பிட மாட்டேன், குழந்தைகளுக்கும் கொடுக்க மாட்டேன். ரசாயனத் தொழிற்சாலைகளின் கரை அது. சேற்று வாடையைப் புளி எடுக்கும், கன உலோகத்தை எந்தச் சமையலும் எடுக்காது. அடியில் சேற்றைக் கிளறித் தின்கிற மீன், மட்டி, நண்டு இவற்றில் சேர்மானம் இன்னும் அதிகம்.

பிடித்து வீட்டுக்கு வர மூன்று மணி நேரம் ஆகிறது. மீன் தளர்ந்துவிடுகிறது. (சேத்தியாத்தோப்பு)

பிடித்ததும் தலையில் ஒரு தட்டு. செவுளுக்கு நடுவே தொண்டையில் வெட்டி, வாளித் தண்ணீரில் நாலைந்து நிமிடம் ரத்தம் வடிய விடுங்கள். பிறகு குடலை எடுத்துவிட்டு, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைத்த ஐஸ், மீன் மூழ்கக் கொஞ்சம் தண்ணீர். வெறும் ஐஸ் கட்டிமேல் வைத்தால் அடிப்பக்கம் மட்டும் குளிரும். ஈரச் சாக்கில் சுற்றி வண்டியில் தொங்கவிடுவதுதான் மீனைக் கெடுக்கிற முதல் வேலை. மடவைக்கு இது இன்னும் முக்கியம். பாசி நிறைந்த குடல் ஒரு மணி நேரத்தில் வயிற்றுச் சதையைக் கசப்பாக்கிவிடும். வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வையும் கல்லுப்பு வைத்து உரசி எடுங்கள்.

கொடுவாவுக்குத் தாளிப்பு வடகம் போட்ட மீன் குழம்பு அளவோடு சொல்லுங்கள். (லாஸ்பேட்டை, திருப்பாதிரிப்புலியூர், இன்னும் பலர்)

ஒரு கிலோ மீன், ஓர் அங்குலக் கனத் துண்டங்கள், தலை தனி. நல்லெண்ணெய் 100 மில்லி. சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 15 பல், தக்காளி கால் கிலோ. புளி 60 கிராம், 600 மில்லி தண்ணீரில் கரைத்தது. மாங்காய் போடுவதானால் புளி 40 கிராம் போதும். மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, மல்லித்தூள் மூன்று, மஞ்சள்தூள் அரை டீஸ்பூன். வடகம் ஒரு நெல்லிக்காய் அளவு.

மண்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் தீயைக் குறைத்து வடகத்தை உதிர்த்துப் போடுங்கள். இங்கேதான் பாதிப் பேருக்குக் குழம்பு கெடுகிறது. வடகத்தில் வெந்தயமும் உளுந்தும் இருக்கின்றன, பெருந்தீயில் அரை நிமிடத்தில் கருகிக் குழம்பு முழுக்கக் கசக்கும். மணம் எழுந்து உளுந்து பொன்னிறமானதும் வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை. வெங்காயம் சுருண்டதும் தக்காளி, அது கரைந்ததும் தூள்கள். தூளை எண்ணெயில் ஒரு நிமிடம் வதக்கி, புளித்தண்ணீர், உப்பு. பதினைந்து இருபது நிமிடம் கொதித்து ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். மாங்காய் போடுவதானால் பத்து நிமிடம் கொதித்த பிறகு.

மீன் கடைசியில். தலை முதலில், இரண்டு நிமிடம் கழித்துத் துண்டங்கள், மிதமான தீயில் ஆறேழு நிமிடம். அதன்பின் கரண்டி உள்ளே போகக் கூடாது. சட்டியின் கழுத்தைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று. இறக்கி இரண்டு மணி நேரமாவது மூடி வைத்துவிட்டுப் பரிமாறுங்கள், சூட்டோடு ஊற்றினால் புளி தனி, மீன் தனியாகத்தான் இருக்கும்.

விரால் வழுவழுப்பு போக? (குறிஞ்சிப்பாடி)

அடுப்புச் சாம்பல், இல்லாவிட்டால் கல்லுப்பு, சொரசொரப்பான கல்லில் வாலிலிருந்து தலைநோக்கி உரசல். வெந்நீர் ஊற்றாதீர்கள், தோல் வெந்து பிய்ந்துவிடும்.

வறுக்கும்போது தவாவில் ஒட்டிப் பிய்ந்து போகிறது அண்ணே. (முத்தியால்பேட்டை)

மசாலாவில் தண்ணீர் அதிகம், தவா காயவில்லை, அவசரப்பட்டுத் திருப்புகிறீர்கள். இந்த மூன்றில் ஒன்று. அரைக் கிலோவுக்கு மிளகாய்த்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, அரிசி மாவு ஒரு மேசைக்கரண்டி, உப்பு, எலுமிச்சை அரை மூடி. சாறு போதும், தண்ணீர் தொடவே வேண்டாம். தடவி அரை மணி. எண்ணெய் மேல் ஒரு கறிவேப்பிலையைப் போட்டால் உடனே பொரிய வேண்டும், அப்போது மீனை வையுங்கள். அடிப்பக்கம் வெந்ததும் தானே விட்டுக்கொடுக்கும், விடாதவரை கரண்டியை நுழைக்காதீர்கள்.

கெண்டையில் பொடி முள் தொல்லை, பிள்ளைகள் தொடுவதில்லை. (காட்டுமன்னார்கோயில்)

அந்த முள் சதைக்கு நடுவே கவட்டை போலக் கிடக்கிறது, பிடுங்கி மாளாது. தோல் பக்கத்திலிருந்து மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு கீறல், முதுகிலிருந்து நடுமுள்ளைத் தொடும் ஆழத்துக்கு, கத்தி முள்ளை நறுக்கும் சத்தம் கேட்க வேண்டும். பிறகு நிறைய எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தால் துண்டு முள் நொறுங்கிவிடும். குழம்பில் போட்டால் இந்த வித்தை பலிக்காது. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கெண்டை என்றால் ஆவியில் பத்து நிமிடம் வேகவைத்து, முள் பொறுக்கி, வெங்காயம் பச்சைமிளகாயோடு புட்டாக உதிர்த்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் சரி.