எலும்பு மாத்திரை போட்டா நெஞ்சு எரியுது, நிறுத்திடலாமா?

கேள்வி: எனக்கு 64 வயசு. ஸ்கேன்ல எலும்பு அடர்த்தி ரொம்ப கம்மின்னு வந்துச்சு, அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் வாரம் ஒண்ணு எழுதிக் கொடுத்தாங்க. போட்டுக்கிட்டா அன்னிக்குப் பூரா நெஞ்செரிச்சல், முழுங்கினா நடு நெஞ்சுல வலிக்குது. தாடை எலும்பு அழுகிடும்னு வேற சொல்றாங்க, எனக்கோ ஒரு பல் பிடுங்க வேண்டியிருக்கு. மருமக 'விட்டுடுங்க அத்தை'ங்கறா. என்ன செய்யறது?

பதில்: முழுங்கும்போது வலிக்குதுன்னு எழுதியிருக்கீங்களே அம்மா, அதனால அடுத்த வார மாத்திரையைப் போடாதீங்க, அதுக்குள்ள டாக்டரைப் போய்ப் பாருங்க. உணவுக்குழாய்ல புண்ணு இருக்கான்னு பார்த்துட்டுதான் மத்தது. ஆனா இந்த மாத்திரையை நிறுத்துறது வேற, வைத்தியத்தையே நிறுத்துறது வேற, மருமககிட்டயும் இதைச் சொல்லுங்க.

நிறைய பேருக்கு மாத்திரையைக் குடுக்கறாங்களே தவிர எப்படிப் போடணும்னு யாரும் உக்காந்து சொல்றதில்ல, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். இது உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டா அந்த இடத்தையே புண்ணாக்கிடும். காலைல எழுந்ததும் வெறும் வயித்துல, ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணியோட, கடிக்காம சப்பாம முழுங்கிட்டு அரை மணி நேரம் உக்காரணும் இல்ல நடக்கணும், சாயவே கூடாது, அப்புறமும் ஏதாவது சாப்பிட்டுட்டுதான் படுக்கணும். ராத்திரி படுக்கப் போறப்ப போடறவங்க இருக்காங்க, அது ரொம்பத் தப்பு. டீ, காபி, கால்சியம் மாத்திரை எதுவும் அந்த அரை மணி நேரத்துல வேணாம், ஏன்னா வெறும் வயித்துல போட்டாலே நூத்துல ஒரு பங்குகூட உடம்புல சேராது, கூட வேற ஏதாவது போச்சுன்னா அதுவும் வீண்.

இவ்வளவும் சரியா செஞ்சும் எரிச்சல் வந்தா வயித்து வழியா போகாத மருந்து இருக்கு. ஸோலெட்ரானிக் ஆசிட், 5 மில்லிகிராம், வருஷத்துக்கு ஒரு தடவை டிரிப்ல ஏத்துவாங்க, கிட்னி டெஸ்ட் பார்த்துட்டுதான் போடுவாங்க. மொத தடவை போட்டதும் ரெண்டு மூணு நாள் காய்ச்சல், உடம்பு வலி அடிச்சுப் போட்ட மாதிரி வரலாம், பயந்துடாதீங்க, பாராசிட்டமாலுக்கு அடங்கும், அடுத்த வருஷம் பெரும்பாலும் அவ்வளவு இருக்காது.

தாடை விஷயம் பொய்யில்ல, ஆனா எலும்பு அடர்த்திக்குக் குடுக்கற அளவுல ரொம்ப ரொம்ப அபூர்வம். அதிகமா வர்றது கேன்சருக்காக இதே வகை மருந்தை நிறைய டோஸ்ல வாங்கறவங்களுக்குத்தான். சொத்தைப் பல்லை அப்படியே விட்டு சீழ் பிடிச்சா அதுதான் தாடைக்குக் கெடுதல், அதனால பல் டாக்டர்கிட்ட இந்த மாத்திரை பேரைச் சொல்லி பல்லை கவனிச்சுக்குங்க, தள்ளிப் போடாதீங்க. பிடுங்கின இடம் வாரக்கணக்குல ஆறாம எலும்பு தெரிஞ்சா உடனே காட்டணும்.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. வருஷக்கணக்கா போடறவங்களுக்கு தொடையிலயோ இடுப்பு மடிப்புலயோ விழாம அடிபடாம ஒரு மந்தமான வலி வந்தா, வயசு வலின்னு தைலம் தேய்க்காம ரெண்டு தொடைக்கும் எக்ஸ்ரே எடுங்க. தொடை எலும்புல சின்ன விரிசல் விழுந்திருக்கலாம், அபூர்வந்தான், ஆனா முழுசா உடையறதுக்கு முன்னாடி பிடிச்சுடலாம். 5 வருஷம் ஆனதும் தொடரணுமா கொஞ்ச காலம் நிறுத்தலாமான்னு டாக்டரே திரும்பப் பார்க்கணும், பார்க்கலன்னா நீங்க கேளுங்க.

கேள்வி: அம்மாவுக்கு எலும்பு அடர்த்திக்காக 6 மாசத்துக்கு ஒரு தடவை டெனோசுமாப் ஊசி. கை கால் வலிக்குதுன்னு அடுத்ததை வேணாங்கறாங்க. ஒண்ணு விட்டா என்ன ஆகும்?

பதில்: தயவுசெஞ்சு விடாதீங்க. மத்த மாத்திரை மாதிரி இது எலும்புல தங்காது, நாள் தள்ளிப் போச்சுன்னா சேர்ந்த அடர்த்தி வேகமா கரைஞ்சு, சிலருக்கு முதுகெலும்பு ஒண்ணுக்கு மேல நொறுங்கிடுது. நிறுத்தியே ஆகணும்னா அதுக்குப் பதிலா வேற எலும்பு மருந்து தொடங்கணும், அதை டாக்டர் முடிவு பண்ணணும். அந்தக் கை கால் வலியையும் அவர்கிட்ட சொல்லுங்க, அதுக்கு வழி இருக்கான்னு பார்ப்பாரு. ஊசிக்கு முன்னாடி கால்சியம், வைட்டமின் டி ரத்தத்துல போதுமா இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க, முக்கியமா கிட்னி பிரச்சனை இருந்தா. ஊசிக்கப்புறம் உதட்டைச் சுத்தியும் விரல் நுனியிலயும் சுருசுருன்னு மரத்துப் போனாலோ தசை இழுத்துப் பிடிச்சாலோ கால்சியம் இறங்குதுன்னு அர்த்தமா இருக்கலாம், அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க.