வாசகர் கேள்வி – பதில்: நட்சத்திரங்களை விழுங்கிய ஃபில்டர்

கேள்வி: நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்து சுழலும் தாங்கியில் கேமராவைப் பொருத்தி, ஓரியன் நெபுலாவை (விண்வெளி வாயு, தூசு மேகம்) தலா 30 வினாடி வீதம் 64 படங்கள் எடுத்தேன். லினக்ஸில், கட்டளைகளால் படங்களைத் திருத்தும் இமேஜ்மேஜிக் மென்பொருளின் மீடியன் (நடு மதிப்பு) ஃபில்டரை ஒவ்வொரு படத்துக்கும் கொடுத்தபோது புள்ளி புள்ளியான இரைச்சல் போனது. ஆனால் மங்கலான நட்சத்திரங்களும் சேர்ந்தே மறைந்துவிட்டன. வேறு ஃபில்டர் இருக்கிறதா?

பதில்: மீடியனே போதும், அதை ஒரு படத்துக்குள் ஓட்டாமல், படங்களுக்கு ஊடே ஓட்ட வேண்டும். '-ஸ்டாடிஸ்டிக் மீடியன் 3×3' என்ற கட்டளை ஒரு பிக்சலையும் அதைச் சுற்றியுள்ள எட்டையும் மதிப்புப்படி வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் ஐந்தாவது மதிப்பை அங்கே எழுதுகிறது. மங்கலான நட்சத்திரம் இரண்டு மூன்று பிக்சல்களில் அடங்கிவிடுவதால், அதன் ஒளி வரிசையின் கடைசியில் நின்று அடிபட்டுப் போகிறது. கேமரா சென்சாரின் பழுதுப் புள்ளிக்கும் நட்சத்திரத்துக்கும் அந்தக் கட்டளைக்கு வித்தியாசம் தெரியாது.

'-எவால்யுவேட்-சீக்வென்ஸ் மீடியன்' என்று கொடுத்தாலோ, 64 படங்களிலும் ஒரே இடத்திலுள்ள பிக்சல்களே ஒப்பிடப்படுகின்றன. எல்லாப் படங்களிலும் இருக்கும் நட்சத்திரம் தங்கும். ஒரே படத்தில் கோடிழுத்துச் சென்ற செயற்கைக்கோள் நீங்கும். ஆனால் அதற்கு முன் படங்கள் நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரமாகப் பொருந்தியிருக்க வேண்டும். இமேஜ்மேஜிக்கில் அந்த வசதி இல்லாததால், கட்டளை வரியிலேயே இயங்கும், வானியல் படங்களுக்கான சிரில் மென்பொருளின் 'சிரில்-சிஎல்ஐ'யைக் கொண்டு பொருத்திக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள், விமானத் தடங்கள் இல்லையென்றால் 'மீடியன்' என்ற இடத்தில் 'மீன்' (mean) என்று எழுதிச் சராசரி எடுப்பதே மேல்: 64 படங்களின் சராசரியில் இரைச்சல் எட்டில் ஒரு பங்காகக் குறையும், மீடியனில் அதைவிடச் சுமார் கால் பங்கு கூடுதலாகவே தங்கும்.

பழுதுப் புள்ளிகளுக்கு, லென்ஸை மூடி, அதே ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு), அதே 30 வினாடி, ஏறத்தாழ அதே வெப்பநிலையில் எடுத்த இருட்டுப் படங்களின் சராசரியைக் கழியுங்கள். இதை ரா கோப்பு (சென்சார் பதிந்த மூலத் தரவு) வண்ணப் படமாக மாறுவதற்கு முன்பே செய்ய வேண்டும்; மாறிய பிறகு ஒரு பிக்சலின் பழுது அக்கம்பக்கத்துக்கும் பரவி, நிறத்திட்டாகிவிடும்.

தெருவிளக்குகளால் வரும் செம்மஞ்சள் பின்னணியை நீக்க, படத்தை '-ப்ளர்' கொண்டு மிகவும் மங்கலாக்கி அதையே கழிக்கும் வழியை ஓரியனுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நெபுலா ஒரு பாகைக்கும் மேல் அகன்றிருப்பதால், மங்கலாக்கிய பிரதியில் அதன் ஒளியும் கலந்து, கழிக்கும்போது அதுவும் குறைந்துவிடும். நெபுலா இல்லாத வெற்று வானத்தில் மாதிரிப் புள்ளிகள் வைத்துப் பின்னணியைக் கணக்கிடும் முறை சிரிலில் உண்டு, அதுவே பாதுகாப்பானது. இவை முடிந்த பிறகுதான் '-சிக்மாய்டல்-கான்ட்ராஸ்ட்' என்ற ஒளி வேறுபாட்டைக் கூட்டும் கட்டளையைக் கொடுத்து இருளில் புதைந்திருப்பதை வெளிக்கொணர வேண்டும்.

கேள்வி: ஜேபெக் படங்களிலேயே இவற்றைச் செய்யலாமா?

பதில்: பழகிப் பார்க்கலாம். ஆனால் ஜேபெக்கில் நிறம் ஒன்றுக்கு 256 படிகளே உள்ளன. 14 பிட் ரா கோப்பில் 16,384. நெபுலாவின் மெல்லிய விளிம்பு அடிமட்டத்துச் சில படிகளுக்குள் இருப்பதால், கான்ட்ராஸ்ட்டைக் கூட்டியதும் ஜேபெக்கில் பட்டை பட்டையாகத் தெரியும். ராவில் எடுத்து, இடைப்பட்ட கோப்புகளை 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள்.