பாதி நேர வேலைக்கு எந்தக் கூலியை வைத்து இழப்பீடு கணக்கிடுவது?

கேள்வி: என் அண்ணன் பண்ணைத் தொழிலாளி. வாரம் 48 மணி நேரம் பழம் பறித்துக்கொண்டிருந்தவர், ஏணியிலிருந்து விழுந்து தோள்பட்டையில் அடிபட்டதால், மருத்துவர் அனுமதித்த 24 மணி நேரம் மட்டுமே இப்போது வேலைக்குப் போகிறார். இப்போது வாங்கும் கூலியை வைத்துத்தான் இழப்பீடு கணக்கிட முடியும் என்கிறார் மேலாளர். இது சரியா ஐயா?

பதில்: சரியல்ல. விபத்துக்கு முன் அவர் ஈட்டிய சராசரிக் கூலியே அடிப்படை. இப்போதைய கூலி அதிலிருந்து கழிக்க வேண்டிய தொகை மட்டுமே. மேலாளர் சொல்வதுபோல் இரண்டு இடத்திலும் 24 மணி நேரக் கூலியையே வைத்தால் இழப்பு பூஜ்யம் என்றாகிவிடும். அடிபட்டவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை.

இழப்பில் எத்தனை பங்கு கிடைக்கும் என்பது அந்தந்தச் சட்டத்தைப் பொறுத்தது. மூன்றில் இரண்டு பங்கு என்பது பல சட்டங்களில் உள்ள அளவு என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். மணிக்கூலி மாறவில்லை என்றால் இழப்பு 24 மணி நேரக் கூலி, இழப்பீடு 16 மணி நேரக் கூலி. ஆக, அண்ணன் கைக்கு வாரந்தோறும் 40 மணி நேரக் கூலிக்குச் சமமான தொகை வர வேண்டும். ஆனால், பறிக்கும் வேலையிலிருந்து தரம் பிரிக்கும் வேலைக்கு மாற்றி, மணிக்கூலியையும் முக்கால் பங்காகக் குறைத்திருந்தால், அவர் இப்போது ஈட்டுவது பழைய கணக்கில் 18 மணி நேரக் கூலிதான். அப்போது இழப்பு 30, இழப்பீடு 20. ஆகவே மணி நேரத்தை மட்டும் எண்ணாமல், கைக்கு வந்த கூலியை ஒப்பிடுங்கள்.

பண்ணை வேலையில் பெரிய சிக்கல் சராசரி எடுப்பதில்தான் இருக்கிறது. ஆண்டில் 40 வாரம் மட்டுமே வேலை இருந்து, அந்தக் கூலியை 52 வாரத்துக்கு வகுத்தால், 48 மணி நேரம் ஏறக்குறைய 37 ஆகச் சுருங்கிவிடும். வேலை செய்த வாரங்களால் வகுப்பதா, ஆண்டு முழுவதற்கும் வகுப்பதா என்பதை உங்களுக்குப் பொருந்தும் சட்டத்தில் முதலில் பாருங்கள். கூடைக் கணக்கில் வந்த கூலியும், சட்டம் ஏற்கும் இடங்களில் தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றின் மதிப்பும் சராசரியில் சேர வேண்டும். விவசாயக் கூலிகளுக்கும் விபத்து இழப்பீட்டுச் சட்டம் பொருந்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-லேயே உடன்படிக்கை செய்திருக்கிறது. ஆகவே அண்ணன் கேட்பது சலுகை அல்ல.

மருத்துவரின் சான்றில் ‘லேசான வேலை’ என்று மட்டும் இருந்தால் போதாது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு எடை வரை தூக்கலாம் என்று எண்ணிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வேலை நேரம் வாரத்துக்கு வாரம் மாறினால் இழப்பீடும் மாறக்கூடும் என்பதால், ஒரு நோட்டில் தேதி, மணி நேரம், வாங்கிய கூலி மூன்றையும் அன்றன்றைக்கே குறித்து வரட்டும். மருத்துவச் செலவும், தோளில் நிரந்தரக் குறை தங்கினால் அதற்கான தொகையும் பெரும்பாலும் இந்த வாரக் கணக்கில் சேராத தனி உரிமைகள். ஆகவே, காயம் இனி எந்த அளவுக்குக் குணமாகும் என்பதை மருத்துவர் உறுதியாகச் சொல்லும் வரை, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாக எந்தத் தாளிலும் அவர் கையெழுத்திட வேண்டாம்.