அப்பா வழி என்றால் அப்பா தப்பா?

கேள்வி: டாக்டர் அம்மா, என் மகனுக்கு 5 வயது. பிறந்தபோது துணியாகத் துவண்டு கிடந்தான். பால் சப்பத் தெம்பில்லாமல் பாலாடையில்தான் புகட்டினேன். இப்போது எந்நேரமும் பசி. வர்க்கிப் பொட்டலத்தைப் படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்துத் தின்கிறான். உயரம் மட்டும் ஏறவில்லை. ரத்தப் பரிசோதனையில் 'பிராடர்-வில்லி' என்றார்கள். 15-வது குரோமோசோமில் அப்பா வழித் துண்டு இல்லையாம். அன்றிலிருந்து என் அம்மா என் வீட்டுக்காரரைக் குத்திக்கொண்டே இருக்கிறார். அடுத்த குழந்தைக்கும் வருமா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் இதை உங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். உங்கள் வீட்டுக்காரர் உடம்பில் அந்தத் துண்டு பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும். விந்தணு உருவாகும்போது தற்செயலாக விடுபட்டிருக்கும். அவர் செய்த எதனாலும் அல்ல.

'அம்மா கொடுத்த இன்னொரு பிரதி இருக்கிறதே?' என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் பேசாது. பெரும்பாலான மரபணுக்களில் இருவர் பிரதியும் வேலை செய்யும். சிலவற்றில் மட்டும் ஒருவருடையதற்கு ரசாயன முத்திரை விழுந்து மூடிக்கிடக்கும். இந்த இடத்தில் மூடியிருப்பது அம்மாவுடையது. வேடிக்கையைப் பாருங்கள், இதே துண்டில் உள்ள இன்னொரு மரபணுவில் பேசாமல் கிடப்பது அப்பாவுடையது. அதனால் இதே துண்டு அம்மா வழியில் விடுபட்டிருந்தால் வருவது ஏஞ்சல்மேன் என்கிற வேறு நோய்: பேச்சு வராது, வலிப்பு வரும், சிரித்துக்கொண்டே இருப்பார்கள்.

துண்டு விடுபட்டதுதான் காரணம், உங்கள் இருவர் குரோமோசோமும் சரி என்றால், அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. முத்திரை போடும் இடமே பழுதாகும் அரிய வகையில் அது 50 சதவீதம் வரை போகலாம். அதனால் ரிப்போர்ட்டோடு மரபியல் மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வர்க்கிக்காகப் பையனை அடிக்காதீர்கள். போதும் என்று மூளை சொல்லாத பசி அது. அலமாரியைப் பூட்டுங்கள், நேரத்துக்கு அளவாகக் கொடுங்கள், பள்ளியிலும் பேக்கரியிலும் சொல்லி வையுங்கள். குன்னூரில் நான் பார்த்த ஒரு பையனுக்குப் பேக்கரிக்காரர் பாவம் பார்த்துக் கொடுத்தே எடையை ஏற்றிவிட்டார்!

வளர்ச்சி ஹார்மோன் ஊசி உயரத்துக்கும் தசைக்கும் உதவும். செலவு அதிகம், தொடங்குமுன் தூக்கத்தில் மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மலைக் குளிர்தான் ஃபிரிட்ஜ் என்று மருந்தை ஜன்னலோரம் வைத்துவிடாதீர்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தாலும் வீண்.

அப்புறம், இந்தப் பிள்ளைகள் லேசில் வாந்தி எடுக்க மாட்டார்கள், வலியும் அவ்வளவாகத் தெரியாது. வயிறு உப்பி வாந்தி எடுத்தால், ராத்திரியானாலும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.