பத்து வரை எண்ணத் தெரிந்த நான்கு வால்வுகள்

ஹியூலட்-பேக்கர்ட் 524 என்ற, அதிர்வெண் அளக்கும் கவுண்டர் ஒன்றின் படத்தைப் போட்டு, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்த கருவி அது. நொடிக்கு ஒரு கோடி அலை வரை எண்ணும். உள்ளே டிரான்சிஸ்டர் ஒன்றுகூட இல்லை, எல்லாமே வால்வு, அதாவது டிரான்சிஸ்டருக்கு முன் அதன் வேலையைச் செய்த கண்ணாடிக் குமிழ். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வால்வு என்றால் ரேடியோவில் பாட்டுக் கேட்கத்தான் என்று நினைத்திருந்தேன். அது எப்படி எண்ணும்?

ஒரு வால்வு எண்ணாது, இரண்டைச் சேர்த்துக் கட்டினால் எண்ணும். கிணற்று ராட்டினத்தில் ஒரே கயிற்றின் இரு முனையிலும் வாளி கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று மேலே வந்தால் மற்றது கீழே போயாக வேண்டும். வால்வுக்குள் சூடான கேத்தோடுக்கும் பிளேட்டுக்கும் இடையே கரண்ட் ஓடும், நடுவில் இருக்கும் கிரிட் அதைக் கூட்டும், குறைக்கும், அணைக்கும். முதல் வால்வின் பிளேட்டை ஒரு மின்தடை வழியாக இரண்டாவதன் கிரிட்டுக்கும், இரண்டாவதன் பிளேட்டை முதலாவதன் கிரிட்டுக்கும் இணைத்தால் இதே நிலைமைதான். முதலாவது கரண்ட் ஓட்டினால் அதன் பிளேட் வோல்ட்டேஜ் இறங்கும். அது இரண்டாவதன் கிரிட்டைக் கீழே இழுத்து அதை அணைத்துவிடும். அணைந்ததன் பிளேட் உயர்ந்து, முதலாவதை இன்னும் நன்றாக ஓட வைக்கும். யாராவது தொடும்வரை அப்படியே நிற்கும்.

இப்போது இரண்டு கிரிட்டுக்கும் ஒரே நேரத்தில் ஒரு நெகட்டிவ் பல்ஸ் கொடுங்கள். ஏற்கெனவே அணைந்திருப்பதற்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஓடிக்கொண்டிருப்பது அணையும், அதனால் மற்றது எழும். அடுத்த பல்ஸுக்குப் பழைய நிலை. ஆக, உள்ளே இரண்டு போனால் வெளியே ஒன்று வரும். எக்கிள்ஸ், ஜோர்டான் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1918-ல் இந்தச் சுற்றுக்குக் காப்புரிமை கேட்டார்கள். 1930-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் வின்-வில்லியம்ஸ் என்பவர் வாயு நிரப்பிய தைரட்ரான் வால்வுகளை வைத்து, இரண்டுக்கு ஒன்று என்ற இதே கணக்கில் ஆல்பா துகள்களை எண்ணினார். நாம் பார்க்கும் கவுண்டருக்கு அவர்தான் பாட்டனார்.

கேள்வி: இரண்டிரண்டாகப் போனால் 2, 4, 8, 16 என்றுதானே வரும்? 10 எங்கிருந்து வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு டிரையோடு, அதாவது இரண்டு தனி வால்வுக்குச் சமமானவை, இருப்பதால் ஒரு ஜோடிக்கு ஒரு வால்வு போதும். அப்படி நான்கை வரிசையாக வைத்தால் 16 பல்ஸுக்கு ஒரு சுற்று. ஜோடிகளின் மதிப்பு முறையே 1, 2, 4, 8, எழுந்து நிற்பவற்றின் மதிப்பைக் கூட்டினால் எந்தப் படி என்று தெரியும். நமக்கு வேண்டியது 10, ஆகவே நடுவில் 6 படியைத் தாண்டவைக்க வேண்டும். நாலாவது பல்ஸில் மூன்றாம் ஜோடி எழும்போது அதிலிருந்து ஒரு கம்பி பின்னால் போய் இரண்டாம் ஜோடியையும் எழுப்பிவிடும். 4-ல் இருக்க வேண்டியது 6-க்குப் போய்விட்டது, இரண்டு படி மிச்சம். ஐந்தாவது பல்ஸில் 7. ஆறாவதில் 8 ஆகும்போது நாலாம் ஜோடி எழுந்து, மூன்றாவதைப் பின்னாலிருந்து எழுப்பும். 8 போய் 12 ஆகிவிடும், நாலு படி மிச்சம். அப்புறம் 13, 14, 15. பத்தாவது பல்ஸுக்கு எல்லாம் பூஜ்யம். அடுத்த இலக்கத்தின் பெட்டிக்கு 'ஒன்று' என்று தகவல் போகும்.

இன்னும் ஒரு வேடிக்கை. இந்த நான்கு ஜோடிகளுக்கும் 1, 2, 4, 8-க்குப் பதிலாக 1, 2, 2, 4 என்று மதிப்புப் போட்டுக் கூட்டிப் பாருங்கள். எந்தக் கட்டத்திலும் சரியான எண்தான் வரும். இந்தக் கூட்டலை மின்தடைகளே செய்து, அந்தந்த எண்ணுக்குரிய நியான் விளக்கை ஏற்றும்.

கேள்வி: படத்தில் ஆறு வரிசை விளக்கு இருக்கிறது, கூடவே முள் ஆடும் இரண்டு மீட்டரும் இருக்கின்றன. அவை எதற்கு?

அவையும் இலக்கங்கள்தான். மீட்டரின் தட்டில் 0 முதல் 9 வரை எழுதியிருக்கும். அதிவேகமாக ஓடும் இரண்டு இலக்கங்களும் அங்கே தெரியும்.

வேகத்துக்கு எதிரி எது என்றால் வேண்டாத இடத்தில் சேரும் கெபாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் தன்மை. பிளேட்டில் 10 கிலோஓம் மின்தடை, கம்பியும் சாக்கெட்டும் வால்வும் சேர்ந்து 20 பிகோபாரட் என்று வையுங்கள். பெருக்கினால் 0.2 மைக்ரோநொடி, பிளேட் வோல்ட்டேஜ் ஏற அவ்வளவு நேரமாவது ஆகும். ஒரு கோடி என்றால் பல்ஸுக்குப் பல்ஸ் இடைவெளியே 0.1 மைக்ரோநொடிதான். வாளி பாதி வழி ஏறுவதற்குள் அடுத்த இழுப்பு வந்துவிடும். ஆகவே மின்தடையைக் குறைக்க வேண்டும், அதற்குக் கரண்டைக் கூட்ட வேண்டும், கரண்டைக் கூட்டினால் சூடு. முதல் இலக்கத்துக்கான சுற்று மற்றவற்றிலிருந்து மாறுபட்டு, கொஞ்சம் செல்லப்பிள்ளை மாதிரி இருப்பது இதனால்தான். பின்னால் வரும் இலக்கங்களுக்குப் பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு வேகம் போதும்.

கேள்வி: டெகட்ரான் ஒன்று போதாதா அண்ணா? ஒரே குமிழில் பத்து வரை எண்ணுமே.

எண்ணும், அழகாகவும் இருக்கும். பிரிட்டனின் ஹார்வெல் கணினியே 1951-ல் அதை நம்பித்தான் ஓடியது. ஆனால் சாதாரண டெகட்ரான் நொடிக்குச் சில ஆயிரம், மிஞ்சினால் இருபதாயிரம் வாக்கில் திணறும். கோடிக்கு ஆகாது.

கேள்வி: எண்ணுவது புரிந்தது. 'ஒரு நொடி' முடிந்தது என்று கருவிக்கு யார் சொல்வது?

100 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு ஒரு லட்சம் முறை துடிக்கும் ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல். அதைப் பத்து பத்தாக ஐந்து முறை வகுத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு. ஒரு துடிப்பு கேட்டைத் திறக்கும், அடுத்தது மூடும். கேட் என்பது அந்த வேலைக்கு வைத்த இன்னொரு சுற்று. திறந்திருக்கும்போது மட்டும் அலைகளை எண்ணும் பக்கம் விடும்.

கேள்வி: என்னிடம் இருக்கும் பழைய கவுண்டரில் செல்ஃப்-செக் போட்டால் 100.000 என்று அச்சடித்த மாதிரி வருகிறது. அப்படியானால் துல்லியமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது! வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதில் ஏமாந்து, ஒரு கருவியை 'சரி' என்று எழுதி அனுப்பித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

செல்ஃப்-செக்கில் கருவி தன் கிரிஸ்டலைத் தன் கிரிஸ்டலாலேயே அளக்கிறது. கிரிஸ்டல் மெதுவாக ஓடினால் கேட்டும் அதே அளவு அதிக நேரம் திறந்திருக்கும், எண்ணிக்கை மாறவே மாறாது. கூட்டல் கணக்கு சரி என்பதற்குத்தான் அது சான்று, கடிகாரம் சரி என்பதற்கு அல்ல.

அதற்காக அந்தச் சோதனை வீண் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்துக் கருவிகள் சிலவற்றில் வகுக்கும் பகுதியில் மல்டிவைப்ரேட்டர் இருக்கும். அது தானே ஆடும், கிரிஸ்டலின் தட்டலுக்குப் பிடிபட்டு பத்துக்கு ஒருமுறை ஆடும்படி டியூன் செய்திருப்பார்கள். பழைய மின்தடை மதிப்பு மாறிவிட்டால் பிடி நழுவி ஒன்பதுக்கோ பதினொன்றுக்கோ ஒருமுறை ஆட ஆரம்பிக்கும். செல்ஃப்-செக்கில் 90.000 அல்லது 110.000 என்று பார்த்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கிரிஸ்டலைச் சோதிக்க வெளியே ஒரு சாட்சி வேண்டும். அந்த நாளில் அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூவி ரேடியோ நிலையத்தின் அலையோடு ஒப்பிடுவார்கள். இன்றைக்கு ஜிபிஎஸ்-இலிருந்து 10 மெகாஹெர்ட்ஸ் எடுக்கும் பெட்டி கிடைக்கிறது. எதுவானாலும் கருவியை நன்றாகச் சூடேற விட்டுப் பாருங்கள். கிரிஸ்டல் ஒரு சின்ன சூட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது, அது நிலைக்கு வரும்வரை எண் நகர்ந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: வீட்டு மின்சாரத்தை அளந்தேன். 49, 50 என்று மாறி மாறி வருகிறது. பழுதா?

பழுதில்லை. கேட் திறக்கும் கணத்துக்கும் அலைக்கும் சம்பந்தமில்லை, ஆகவே கடைசி இலக்கத்தில் ஒன்று கூடும் அல்லது குறையும். கோடியில் ஒன்று என்றால் கவலையில்லை, ஐம்பதில் ஒன்று என்றால் 2 சதவீதம்.

குறைந்த அதிர்வெண்ணுக்கு வேலையைத் திருப்பிப் போட வேண்டும். உங்கள் அலை கேட்டைத் திறக்கட்டும், கருவியின் சொந்தத் துடிப்பை எண்ணுங்கள். 50 ஹெர்ட்ஸின் ஒரு சுற்று 20 மில்லிநொடி. கிரிஸ்டலின் துடிப்பைப் பெருக்கி எடுத்த 10 மெகாஹெர்ட்ஸில் அது 2,00,000 எண்ணிக்கை. அதில் ஒன்று தப்பினால் போகட்டும். அளந்த எண்ணைத் தலைகீழாக்கும் கணக்கை நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டும்.

திறக்க ஒரு கம்பி, மூட இன்னொரு கம்பி என்று பிரித்துவிட்டால் அதுவே கால இடைவெளி அளக்கும் கருவி. ரிலே ஒட்ட எத்தனை மில்லிநொடி, துப்பாக்கிக் குண்டு இரண்டு திரைகளைக் கடக்க எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் இப்படித்தான் அளந்தார்கள். குண்டின் வேகம் நொடிக்கு 500 மீட்டர், திரைகளின் இடைவெளி ஒரு மீட்டர் என்றால் 2 மில்லிநொடி, மைக்ரோநொடிக் கணக்கில் 2,000.

கேள்வி: இதற்கு முன் எப்படி அளந்தார்கள்?

காதால். இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிசி-221 என்ற அதிர்வெண் மீட்டரில் டயலைத் திருப்பி, ஹெட்போனில் கூவல் இறங்கி மறையும் இடத்தைப் பிடித்து, டயல் எண்ணைப் புத்தகத்தில் தேட வேண்டும். ஒவ்வொரு மீட்டருக்கும் தனித்தனிப் புத்தகம். அது தொலைந்தால் மீட்டர் வெறும் பெட்டி.

கேள்வி: தாத்தா அறையில் இப்படி ஒன்று இருபது வருடமாகச் சும்மா கிடக்கிறது. பிளக்கைச் சொருகலாமா?

தயவுசெய்து வேண்டாம் தம்பி. முதலில் பின்பக்கம் 115 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று பார்க்கவும். பிறகு எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களையும் மெழுகு பூசிய பேப்பர் கெபாசிட்டர்களையும் சோதித்து, சந்தேகமானதை மாற்றவும். முதல் தடவை சீரிஸில் குண்டு பல்பு போட்டே கரண்ட் கொடுக்கவும். பல்பு பளிச்சென்று எரிந்தபடியே இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளே இருநூறு, முந்நூறு வோல்ட் டிசி ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் தங்கும். ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் எனக்கு ஒரு உதை வாங்கிய பிறகே வந்தது.

கேள்வி: எனக்கு ஒரு இலக்கம் மட்டும் அசைவதில்லை. வால்வு டெஸ்டரில் எல்லா வால்வும் நல்லது என்று காட்டுகிறது.

524-ல் விளக்கு வரிசை ஒவ்வொன்றும் தனியாகக் கழற்றக்கூடிய பெட்டி. பக்கத்துப் பெட்டியோடு இடம் மாற்றுங்கள். பழுது கூடவே போனால் பெட்டிக்குள், அங்கேயே நின்றால் சாக்கெட்டில் அல்லது முந்தைய கட்டத்தில்.

பெட்டிக்குள் என்றால் டெஸ்டரை முழுவதும் நம்பாதீர்கள். எண்ணும் சுற்றில் ஒரு வால்வு மணிக்கணக்கில் அணைந்தபடியே, ஆனால் ஹீட்டர் எரிந்தபடி காத்திருக்கும். ரேடியோவில் அந்த நிலை வருவதில்லை. அப்படிக் கிடந்தால் கேத்தோடின் நிக்கலில் இருக்கும் சிலிக்கன் மேல்பூச்சோடு சேர்ந்து, நடுவில் ஒரு தடுப்பு அடுக்கு உருவாகும். மெதுவாகச் சோதிக்கும் டெஸ்டரில் அது தப்பிவிடும், வேகமான பல்ஸில் மாட்டிக்கொள்ளும். இதைத் தவிர்க்கத்தான் சிலிக்கன் குறைந்த நிக்கலில் 5963 போன்ற கணினி வால்வுகளைச் செய்தார்கள். யாராவது பழுதுபார்த்தபோது விலை குறைவு என்று சாதாரண 12ஏயு7 வால்வைச் சொருகியிருக்கலாம், வால்வின் மேல் அச்சடித்த எண்ணைப் பாருங்கள். அதற்கும் முன்னால் வால்வின் கால்களையும் சாக்கெட்டையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள். என்னிடம் வந்தவற்றில் பாதி அதிலேயே சரியாகிவிட்டன.