வடக்குப் பால்கனியும் கறிவேப்பிலையும்

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கொண்டோவின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். பால்கனி வடக்குப் பார்த்தது. ஜூன் மாதம் தினமும் கிள்ளும் அளவுக்குத் தழைத்திருந்த கறிவேப்பிலை, இப்போது ஜனவரியில் மஞ்சளித்துக் கொட்டுகிறது. உரம் போட்டேன், தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். பூச்சியும் இல்லை. என்ன குறை?

பதில்: வெயில்தான் குறை. சூரியன் உங்கள் கட்டடத்தின் மறுபக்கம் போய்விட்டது.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை உச்சி வெயில் நமக்கு வடக்குப் பக்கமிருந்து வரும். மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து. வடக்குப் பால்கனியில் வெயிலே வராது என்று சொல்பவர்கள் பேச்சு இங்கே பாதி வருடத்துக்குத்தான் செல்லும்.

ஜூனில்கூட உங்களுக்கு வெயில் தாராளமாகக் கிடைத்திருக்காது. அப்போது உச்சியில் சூரியன் சுமார் 70 டிகிரி உயரத்தில் நிற்கும். மேல்வீட்டுத் தளம் குடை பிடித்த மாதிரி மறைத்துவிடும். நடுப்பகலில் தரையின் விளிம்போரம் ஒரு மீட்டருக்குத்தான் வெயில் விழும். அங்கே கட்டைச்சுவர் இருந்தால் அதை ஒட்டி வைத்த தொட்டிக்கு அதுவும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏற்றிவைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும். சுவர்மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள், கீழே ஆள் நடக்கிறார்கள்.

செடியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இலைக்கும் இலைக்கும் இடைவெளி நீண்டு, கொழுந்து வெளிறி, தண்டு வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் அது வெளிச்சத்தைத் தேடுகிறது என்று அர்த்தம். வெயில் இல்லாத செடி தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். நீங்கள் ஜூன் கணக்கிலேயே ஊற்றுகிறீர்கள். மஞ்சளிப்புக்கு வேர் அழுகல்தான் காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். உரத்தை ஏப்ரல் வரை மறந்துவிடுங்கள். அடித்தட்டில் தேங்குவதையும் கொட்டிவிடுங்கள், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும்.

உங்கள் மாடி நடைபாதைக்கு எதிர்ப்பக்கம் உள்ள வீட்டின் பால்கனி தெற்குப் பார்த்ததாக இருந்தால், கேட்டுப் பாருங்கள். மார்ச் கடைசி வரை செடி அங்கே இருக்கட்டும், இலை அவர்களுக்கு. முதல் வாரம் உள்தள்ளி வைக்கச் சொல்லுங்கள். நிழலில் பழகிய இலை திடீர் வெயிலில் கருகும். உங்கள் பால்கனியில் அதுவரை வெற்றிலையோ பாண்டானோ வையுங்கள், இரண்டும் நிழலைப் பொறுத்துக்கொள்ளும். ஏப்ரலில் கறிவேப்பிலையை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம்.