ஈறில் ரத்தம் வருகிறது, ஃப்ளாஸ் செய்வதை நிறுத்திவிடலாமா?

திண்டுக்கல்லில் இருந்து 46 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பல் இடுக்கில் ஃப்ளாஸ் நூல் போட ஆரம்பித்து ஐந்து நாள் ஆகிறது, தினமும் ரத்தம் வருகிறது. 'நூல் விட்டால் பல்லுக்கு நடுவே சந்து விழுந்துவிடும், நிறுத்து' என்கிறாராம் அக்கா. மருந்துக்கடையில் ஈறில் தடவ ஏதோ கொடுத்திருக்கிறார்கள். தொடரலாமா என்று கேட்கிறார். வலது கீழ்ப்பக்கம் மூன்று பல் சேர்த்துக் கட்டியிருப்பதையும் கடைசி வரியில் சொல்லியிருக்கிறார்.

தொடருங்கள். நல்ல ஈறு மெதுவாகத் தொட்டால் ரத்தம் விடாது. உங்களுக்கு வருகிறதென்றால், அந்த இடுக்கில் அழுக்குப் படலம் தங்கி ஈறு வீங்கிப்போயிருக்கிறது. பிரஷ்ஷின் நார் இரண்டு பல்லும் ஒட்டுகிற இடத்துக்குள் போகாது, நூல் போகும். படலம் தினமும் வெளியேறினால் வீக்கம் வடிந்து, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் ரத்தம் நின்றுவிடும். இப்போது நிறுத்தினால் ரத்தம் கண்ணில் படாது, வீக்கம் மட்டும் அப்படியே இருக்கும்.

அக்கா சொல்லும் சந்து நூலால் வருவதில்லை. அழுக்குப் படலம் கல்லாக இறுகிப்போனதுதான் காரை. அது ஈறையும் எலும்பையும் கீழே இறக்கிவிட்டு, அந்த இடத்தைத் தானே அடைத்துக்கொண்டு நிற்கும். காரையை எடுத்ததும் சந்து தெரியும். உடனே 'கிளீன் பண்ணினேன், பல் ஆடுது' என்பார்கள். காரை எடுக்க வேண்டிய பலரை இந்த ஒரு பேச்சே வருடக்கணக்கில் தள்ளிப்போட வைக்கிறது.

சரி, கை கொஞ்சம் முரடாகவும் இருக்கலாம். ஒரு முழம் நூல் எடுத்து இரண்டு நடுவிரலிலும் சுற்றிக்கொள்ளுங்கள். நடுவே இரண்டு அங்குலம் விட்டால் போதும். கண்ணாடி முன்னால் நின்று, நூலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தபடியே பல் ஒட்டும் இடத்தைத் தாண்டுங்கள். அழுத்தித் தள்ளினால் டக்கென்று இறங்கி ஈறை வெட்டும். உள்ளே போனபின் அறுக்கிற அசைவு கூடாது. ஒரு பல்லின் பக்கத்தோடு நூலைப் பிறை போல வளைத்து அணைத்து, ஈறு ஓரத்துக்குச் சற்று உள்ளே வரை இறக்கி, மேலும் கீழும் நாலைந்து முறை துடையுங்கள். பிறகு நடுவில் இருக்கும் ஈறு முக்கோணத்தைத் தாண்டி, எதிர்ப் பல்லையும் அதேபோலத் துடையுங்கள். இந்த இரண்டாவது பக்கத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அடுத்த இடுக்குக்குப் புது நூல் பகுதி. ராத்திரி ஒரு தடவை போதும். தையல் நூல், ஊக்கு, ஈர்க்குச்சி எதுவும் வேண்டாம்.

கடையில் கொடுத்த மருந்து இரண்டு நாள் இதமாக இருக்கும். அடியில் இருக்கும் காரையை எந்த மருந்தும் கரைக்காது.

இனி அந்தக் கட்டிய பல். நடுவில் செயற்கைப் பல், அதைத் தாங்க இருபுறமும் சொந்தப் பல். மூன்றும் ஒன்றாக இருப்பதால் நடுவில் மேலிருந்து நூல் இறங்காது. பலர் இறங்கவில்லை என்று அந்த இடத்தையே விட்டுவிட, தாங்குகிற பல் இரண்டும் அடியில் சொத்தையாகின்றன. கன்னப் பக்கத்திலிருந்து அடிவழியாக நூலைக் கோக்க வேண்டும். அதற்கென்று வளைகிற பிளாஸ்டிக் ஊசி இருக்கிறது. ஒரு நுனி விறைப்பாக, நடுவில் பஞ்சுபோல இருக்கும் நூலும் கிடைக்கிறது. நாக்குப் பக்கம் வந்த நுனியைப் பிடித்து, செயற்கைப் பல்லின் அடியைத் துடைத்து, தாங்கும் பல்லின் ஓரத்தையும் துடையுங்கள். எடுக்கும்போது மேலே இழுக்கக் கூடாது, பக்கவாட்டில் உருவ வேண்டும்.

எவ்வளவு முயன்றும் அடியில் ஊசி நுழையவில்லையா? அப்படியானால் அதைக் கட்டியது யார் என்று கேட்பேன். 'ஒரே நாளில் நிலையான பல்' என்று போர்டு வைத்து, அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக் மாவைக் குழைத்து, பக்கத்துப் பல்லோடு கம்பியால் கட்டி ஈறின் மேல் அப்பிவிடுகிறார்கள். அப்படி ஒன்றை ஒரு பெரியவர் வாயிலிருந்து அறுத்து எடுத்தேன். அடியில் பழைய சோறு கூழாகிக் கிடந்தது, ஈறு பச்சைப் புண். பிடித்துக்கொண்டிருந்த நல்ல பல் இரண்டும் விரலோடு வந்துவிட்டன. பல் கட்டுபவர் முறையான பல் மருத்துவர்தானா என்று தெரிய, அவருடைய தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக்குறைவு இல்லை.

இப்படி அப்பிவிடுகிறவர்களிடம் மக்கள் ஏன் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பெரும்பாலான காப்பீட்டு பாலிசிகள் காரை எடுப்பதற்குப் பணம் தருவதில்லை. அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் பிடுங்க நிற்கும் வரிசையே முடிவதில்லை, நூல் பிடிக்கக் கற்றுக்கொடுக்க அங்கே யாருக்கு நேரம்? பல்லைப் பிடுங்கும் நிலை வரும்வரை அதைக் கண்டுகொள்ளாத ஏற்பாட்டை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

இரண்டு வாரம் தாண்டியும் ரத்தம் நிற்கவில்லை, சீழ் வருகிறது, பல் ஆடுகிறது என்றால் தள்ளிப்போடாமல் பல் மருத்துவரிடம் போங்கள். ரத்தத்தில் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். எப்படியும் ஒரு முறை காரை எடுக்க வேண்டியிருக்கும். அப்போது அந்த ஊசியைக் கையோடு கொண்டுபோய், கட்டிய பல்லில் எப்படிக் கோப்பது என்று கண்ணாடியில் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான். அதற்கும் நேரமில்லை என்றால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.